விசில் அடிக்கும் வண்டி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் சுங்கை பட்டாணிப் பட்டறைகளுக்கு இதுதான் திருவிழா நாள். கடை வாசலில் ஏற்கெனவே ஏழு வண்டிகள். எட்டாவதாக வந்த பிக்-அப், வரும்போதே தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தது. மிதிக்க மிதிக்க ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம். பின்னால் அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் புகை. ஓட்டி வந்தவர் பீடோங் பக்கம் கொஞ்சம் செம்பனை வைத்திருப்பவர். எஞ்சினை அணைப்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, டர்போ போயிருச்சு. புதுசு போட்டு விடுங்க. எவ்வளவு வரும்?"

போர்மன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "போயிருச்சுன்னு யாரு சொன்னா?"

"அதான் சத்தம் கேக்குதே!"

"சத்தம் கேக்குதுன்னா அது இன்னும் சுத்துதுன்னு அர்த்தம் தம்பி. பானெட்டத் தொற."

இந்தக் கட்டுரைக்காக இரண்டு வெள்ளிக்கிழமைகள் அந்தப் பட்டறையின் பழைய சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று போர்மன் முதலிலேயே சொல்லிவிட்டார். தோட்ட லயத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். பள்ளிக்கூடத்தைவிட டிராக்டர் கொட்டகையில் இருந்த நேரம்தான் அதிகம் என்று சிரிக்கிறார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சங்கதி. மற்றதெல்லாம் அதற்கு உரைதான். டர்போ கெட்டது என்று வரும் வண்டிகளில் பலவற்றில் டர்போ கெட்டிருக்காது. உண்மையாகவே கெட்டிருந்தால், அதைக் கெடுத்தது வேறொன்றாக இருக்கும்.

டர்போ என்பது என்ன? ஊதுலைத் துருத்திதான். நெருப்புக்கு அதிகக் காற்றைத் திணித்தால் அதிகச் சூடு கிடைக்கும் என்பதைக் கெடா மண் எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் பக்கம் போகிற வழியில், செம்பனைக்கு நடுவே சுங்கை பத்து இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது பழங்கால இரும்பு உருக்கும் உலைகளும், உலைக்குள் காற்றை ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்கு, அதாவது இந்தக் கெடாவுக்கு, கப்பல் அனுப்பியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அந்தக் கடாரத்தில் அவனுக்கும் முன்பே துருத்தி ஊதியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது வேறு கதை.

கொல்லன் துருத்தியை மிதிக்க ஆள் வேண்டும். காரில் அந்த ஆள், வெளியே போகும் புகைதான். எஞ்சினை விட்டு வீணாகப் போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தின் அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அவ்வளவுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் விமானம், பிறகு கப்பல், பிறகு லோரி. பயணிகள் காருக்கு அமெரிக்காவில் 1962இல் வந்தது. அந்த முதல் கார்களில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காய்ந்தது, கார் இழுக்கவில்லை, பெயர் கெட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே நாம் எஞ்சின் ஆயில் மாற்ற மறக்கிறோம்.

எண்களைக் கேட்டால் தலை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னச் சக்கரம் 150,000, சிலவற்றில் 200,000 சுற்றுக்கும் மேல் போகும். பெட்ரோல் வண்டியில் புகைப்பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். பக்கத்திலேயே ஒரு விரல்கடை தூரத்தில் சாதாரண வெளிக்காற்று. இரண்டையும் இணைக்கும் அச்சு பெரும்பாலான டர்போக்களில் பால்பேரிங்கில் உட்கார்ந்திருப்பதில்லை. மயிரிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டிருக்கும். எண்ணெய் ஒரு சில நொடி வராவிட்டால் உலோகம் உலோகத்தை உரசும். அப்புறம் பேச்சே கிடையாது.

முன்பெல்லாம் டர்போ என்றால் நம் பக்கம் லோரிக்காரர்கள் பேச்சு. தொண்ணூறுகளில் கான்சில் என்ற சின்னக் கார் வந்த பிறகு இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப்-கட்' வண்டியில் டைஹாட்சுவின் 659 சிசி டர்போ எஞ்சின் இருக்கும். ஜப்பானியச் சிறிய கார்களுக்கான உச்சவரம்பு 64 குதிரைத்திறன். அதைத் தூக்கிக் கான்சிலுக்குள் வைத்துவிட்டு, ராத்திரியில் தோட்டத்துச் சாலையை அதிர வைப்பார்கள். இப்போது நிலைமை வேறு. 2011 டிசம்பரில் புரோட்டோன் எக்சோரா போல்ட், 138 குதிரைத்திறன் 1.6 டர்போவோடு வந்தது. ஏழு பேர் ஏறும் குடும்ப வண்டி. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் தைப்பூசத்துக்குப் போகிற வண்டியில் டர்போ. பிறகு எக்ஸ்70, எக்ஸ்50. 2021 மார்ச்சில் பெரோடுவா அத்திவா, 998 சிசி, மூன்றே சிலிண்டர், அதிலும் டர்போ. கூலிம் இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூவும் மாஸ்டாவும் கோர்க்கப்படுகின்றன. குருண் ஆலையிலிருந்து பல காலம் பெஜோ வந்தது. பால்வெட்டுக்குப் போன கைகளின் பிள்ளைகளும் பேரன்களும் அந்த ஆலைகளில் வேலை செய்கிறார்கள், அந்த வண்டிகளை வாங்கவும் செய்கிறார்கள். ஆனால் வாங்கும்போது யாரும் டர்போவை எப்படிப் பிழைக்க வைப்பது என்று சொல்லித் தருவதில்லை. விற்பனைப் பையன் சொல்வது 'பவர் நல்லா இருக்கும் அண்ணே' என்பது மட்டும்தான்.

பிக்-அப்புக்கு வருவோம். போர்மன் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, தன் மகனை உள்ளே உட்காரவைத்து 'கொஞ்சம் கொஞ்சமா அமுக்கு' என்றார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயை வெறுங்கையால் தடவிக்கொண்டே வந்தார். இன்டர்கூலர் என்பது, அமுக்கியதால் சூடான காற்றை ஆற வைக்கும் ரேடியேட்டர் மாதிரியான தட்டு. கீழ்ப்பக்கம் கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடத்தில் கை நின்றது. சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அடித்தார். நுரை கொப்பளித்துத் தெறித்தது. கிளாம்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. விளிம்பு முழுக்கச் செம்மண் தூசியும் எண்ணெயும் கலந்த களி.

"இதான் உன் ஆம்புலன்ஸ்."

அமுக்கிய காற்று அந்த வெடிப்பு வழியாகப் பீறிட்டுப் போகும்போது கூவுகிறது. எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. டீசல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. முழுதாக எரியாத டீசல்தான் கரும்புகை. 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போன பிறகு, கரும்புகை என்பது பின்பக்கமாகப் பறக்கும் வெள்ளி நோட்டு. குழாயும் கிளாம்பும் மாற்றி ஒரு மணி நேரத்தில் வண்டி போய்விட்டது. ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக வந்த மனிதர், நூற்றுச் சொச்சத்தோடு திரும்பினார். முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருந்தது.

அந்தச் சந்தேகம் எனக்குப் புரியும். நானும் ஒருகாலத்தில் அந்த மனிதர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு டீசல் வண்டியில் நீலப்புகை. ஒரு பட்டறையில் டர்போ அவுட் என்றார்கள். ரெக்கோன், அதாவது உள்பாகம் மாற்றிப் புதுப்பித்த டர்போ ஒன்றைப் போட்டார்கள். மூன்று மாதம் ஓடியது. கோல கெட்டில் சாலையில் மறுபடியும் அதே நீலப்புகை. கொண்டுபோனால், 'ரெக்கோன் அப்படித்தான், புதுசு போட்டிருக்கணும்' என்றார்கள். புதுசும் போட்டேன். அதுவும் புகைந்தது. கடைசியில் வேறொரு பெரியவர், எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் மாதிரி அடைப்பு. எஞ்சின் அடிவயிற்றில் உருவாகும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லாமல், டர்போவிலிருந்து கீழே வழிந்து வர வேண்டிய எண்ணெயைத் தடுத்துத் திருப்பியிருக்கிறது. போக இடமில்லாத எண்ணெய், சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கமும் புகைப் பக்கமும் கசிந்து எரிந்திருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்ததும் புகை நின்றது. நான் தூக்கி எறிந்த முதல் டர்போ நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கறுப்பு என்றால் காற்றுக் குறைவு. குழாய் வெடிப்பா, ஏர் ஃபில்டர் அடைப்பா, காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. டர்போ சீலாக இருக்கலாம், மூச்சுக்குழாயாக இருக்கலாம், பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், டர்போவை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கணினியில் பி0299 என்ற குறி வந்தால் 'அழுத்தம் குறைவு', பி0234 வந்தால் 'அழுத்தம் அதிகம்' என்று பொருள். 'டர்போவை மாற்று' என்று எந்தக் குறிக்கும் பொருள் கிடையாது. அந்தக் குறியைக் காட்டி யாராவது நேராக விலைப்பட்டியலை நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எங்கள் போர்மன் கருவியைச் செருகிவிட்டு, குருண் பக்கத்திலிருந்து ஜெராய் மலை ஏறும் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகிறார். 1,200 மீட்டருக்கு மேல் உயரும் மலை. ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு அழுத்தம் கேட்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று திரையில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சமதரையில் ஒளிந்துகொள்ளும் நோய் மலையில் வெளிவந்துவிடும் என்கிறார். போகிற வழியில் காற்றும் நன்றாக இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லை. பல டர்போக்களில் புகைச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் விசிறிபோல் திரும்பும். வேகத்துக்கு ஏற்பத் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் செய்யும். தோட்டத்திலிருந்து கடைக்கு, கடையிலிருந்து தோட்டத்துக்கு என்று பத்து நிமிடம் பத்து நிமிடமாக மெதுவாக ஓட்டினால் கரி படிந்து அந்தத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றை இழுக்கும் வேக்குவம் குழாய் பென்சில் தடிமன் ரப்பர். அது காய்ந்து வெடித்தாலும் தகடுகள் திரும்பாது. அதன் விலை ஒரு வேளை நாசி கண்டார் சாப்பாட்டுக்கு மேல் போகாது.

டர்போவையே சந்தேகிக்க வேண்டிய கட்டம் எப்போது? எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அணைந்திருக்க வேண்டும். காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, தெரியும் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். போர்மன் என் கையைப் பிடித்து வைத்தார். பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடியது. நான் பயந்தேன். அது ஆடத்தான் வேண்டும் என்றார். எண்ணெய்ப் படலம் இல்லாத நேரத்தில் அந்த இடைவெளி கையில் தெரியும். ஆடும்போது இறக்கை சுவரில் உரசினால்தான் கோளாறு. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் அசைவு தெரியவே கூடாது. தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அப்புறம் இறக்கைகளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறட்சி. தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரி ஒன்று முன்னால் போனால் எதிரே ஒன்றும் தெரியாது. விலை மலிவான ஃபில்டரைத் தாண்டும் அந்தத் தூசி, வருடக்கணக்கில் உப்புத்தாள் போல் இறக்கையைத் தேய்த்துக் கூர்மழுங்க வைத்துவிடும். குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை. கையில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்குக் குளமாக நின்றால்தான் கவலை.

அன்று மத்தியானம் டர்போ உண்மையாகவே போன ஒன்று வந்தது. இழுவை வண்டியில் ஏறி வந்த ஏழு இருக்கை பெட்ரோல் வண்டி. பாடாங் செராயிலிருந்து வந்த ஆசிரியருடையது. நட்டைப் பிடித்து இழுத்தால் கடகடவென்று ஆடியது. இறக்கைகளில் இரண்டு நுனி இல்லை. போர்மன் டர்போவைப் பார்க்காமல், எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டார். எடுத்த விரலில் கறுப்பு அல்வா. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டார். ஆசிரியர் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். அது எப்போதோ வெளுத்துப்போயிருந்தது.

ஆயில் மாற்றாதது மட்டுமல்ல, சூடான வண்டியைச் சட்டென்று அணைத்தாலும் ஆபத்துதான். டர்போவுக்குள் நிற்கும் எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகும். சட்டியில் அடிப்பிடிப்பது போலத்தான். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு டோல் பக்கத்து ஓய்விடத்தில் உடனே சாவியைத் திருப்புகிறோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி. அந்தக் கரி, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயை, இருதய நாளத்தில் கொழுப்புப் போல, மெல்ல மெல்லச் சுருக்கும். இப்போதைய வண்டிகளில் நடுப்பகுதிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி இருப்பதால் பாதி ஆபத்து குறைந்துவிட்டது. பழையதற்கும் டீசலுக்கும் இன்னும் ஒரு நிமிடம் காத்திருப்பது நல்லது. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக உருட்டி வந்தாலும் போதும்.

புரோட்டோனின் அந்த 1.6 டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஞ்சினின் ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் நாளடைவில் கசியும் என்பது உரிமையாளர்களிடையே ஊரறிந்த விஷயம். மேம்படுத்திய குழாய் பின்னர் வந்தது. உங்கள் வண்டியில் இருப்பது பழையதா புதியதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எண்ணெய் கீழே சொட்டினால் டர்போ மேலே பட்டினி கிடக்கும்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டால் மூன்று வழி. புதுசு, ரெக்கோன், அல்லது ஹாஃப்-கட் கடையிலிருந்து பழசு. ரெக்கோன் என்றால் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே அச்சும் பேரிங்கும் சேர்ந்த கார்ட்ரிட்ஜை மாற்றுவது. அதை அதிவேகத்தில் சுழற்றித் தராசுபோல் சமன்பார்க்கும் இயந்திரம் வேண்டும். 200,000 சுற்றில் ஒரு தூசி எடை கூடினாலும் அதிரும். எந்தக் கடையில் அந்த இயந்திரம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழசு வாங்குவது லாட்டரி. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் ஜப்பானில் அதை ஓட்டியவர் ஆயில் மாற்றினாரா என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

உடைந்த டர்போவோடு டீசல் வண்டியை ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். சீல் முழுவதும் விட்டுவிட்டால் எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே குடித்து எரிக்கத் தொடங்கும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. கர்ஜித்துக்கொண்டே வேகம் ஏறிக்கொண்டே போகும். போர்மன் ஒருமுறை ஒரு லோரியில் பார்த்திருக்கிறார். மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்கலாம். முடியாவிட்டால் விட்டுவிட்டு விலகிப் போக வேண்டும். காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போய் விரலை இழந்துவிடாதீர்கள்.

ஆசிரியரின் வண்டிக்குச் சமன்பார்த்த ரெக்கோன் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது பாதி வேலை முடிந்திருந்தது. டர்போவைப் பொருத்தும் வேலையைவிட மற்ற வேலைகளே நீண்டன. ஆயில் பேனை இறக்கி, அடியில் எண்ணெய் உறிஞ்சும் வலையைக் கழுவினார்கள். உடைந்த இறக்கைத் துண்டுகள் தேடி இன்டர்கூலரைக் கவிழ்த்துத் தட்டினார்கள். இரண்டு அலுமினியச் சில்லுகள் விழுந்தன. அவற்றில் ஒன்று எஞ்சினுக்குள் போயிருந்தால் புது டர்போ போட்டும் பயனில்லை. எண்ணெய்க் குழாயைக் கழுவுவதில்லை, புதுசுதான். பயிற்சிக்காரப் பையன் எண்ணெய்க் குழாய் முகத்துக்கு சிலிகோன் பசையை எடுத்து வந்தபோது போர்மன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். பிதுங்கும் பசை உள்ளே பிய்ந்து போய் அந்த ஊசித் துளையை அடைக்கும். கேஸ்கெட் மட்டும்தான்.

பிறகு டர்போவின் எண்ணெய்த் துளையில் புது ஆயிலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டார். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் பத்து நொடி, விட்டுப் பத்து நொடி. டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கு அணைந்தது. ஃபியூஸைப் போட்டு உயிர் கொடுத்தார். யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் அது தானாக முனகிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஆசிரியர் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, போர்மன் புது ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். அதில் அடுத்த சர்வீஸ் 10,000 கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தது. பேனாவால் அதை அடித்தார். பக்கத்தில் 5,000 என்று எழுதி, ஓட்டுநர் கண்ணுக்கு நேராக ஒட்டினார்.